கானுக்குள்ளிருந்து ஒரு ஸலாம்

கான் நாறவில்லை. முர்ஷிதுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கல்முனைக்கு அடுத்த அந்தச் சிறிய டவுனில், பிரதான வீதிச் சாப்பாட்டுக் கடைகளின் பின்முற்றங்களை ஒட்டி கொங்கிறீட் மூடிகளின் கீழே ஓடுகிற வடிகானை அவன் சில நாட்களாகத் திறந்து திறந்து பார்த்து வந்தான். பிரதேச சபையில் அவன் வடிகான் பரிசோதகர். எந்த மூடியைக் கிளப்பினாலும் ஒரே காட்சிதான். கொத்து ரொட்டிக்குப் போட்ட மாஜரினும் பொரித்து மிஞ்சிய எண்ணெயும் மாட்டுக்கறியின் கொழுப்பும் குளிர்ந்து கட்டிபட்டு, இரு பக்கச் சுவரிலும் மஞ்சளாய்த் தடித்து, நடுவே ஒரு கை நுழைய மட்டும் வழி விட்டிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குனிய வேண்டும். மழைக்குத் தண்ணீர் போக இடமில்லாமல் வீதிக்கு ஏறும். மிச்சக் கழிவு, கடலோரமாக நீண்டு கிடக்கிற தோணாவில் போய் விழும். அந்த ஓடையில் செத்த மீன் மிதக்கத் தொடங்கியபோதுதான் சபைக்குச் சுரணை வந்தது. ஒவ்வொரு ஹோட்டலும் எண்ணெயைப் பிடித்து வைக்கிற தொட்டி ஒன்று கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கானுக்கு வருகிற அந்த ஹோட்டலின் குழாயைச் சபை சீமெந்து போட்டு அடைக்கும். இதுதான் புதுச் சட்டம்.

கடைக்காரர்களின் சாட்டுகளைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒருவர் இடமில்லை என்பார். ஒருவர் தொட்டி கட்டினால் நுளம்பு பெருகும் என்பார். இன்னொருவர் தன் கடையில் எண்ணெயே பாவிப்பதில்லை என்று, எண்ணெய் வழிகிற கையை நெஞ்சில் வைத்துச் சொல்வார்.

பதியுதீன் ஹாஜியாரின் ஹோட்டலுக்குப் பின்னால் உள்ள மூடியைக் கிளப்பியபோது மட்டும் மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை. டவுனிலேயே கூடுதலாக எண்ணெய் எரிக்கிற ஹோட்டல் அது. நோன்பு மாதத்தில் பின்னேரமானால் சமோசாவும் ரோல்ஸும் கட்லட்டும் வாங்க சனம் வீதி வரை நிற்கும். அந்த இடத்தில் கான் நிரம்பிக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் உள்ளே ஒரு பொட்டுக் கொழுப்புக் கிடையாது. பாசி கூட இல்லை. கொங்கிறீட் சுவர் வழுவழுவென்று, சாப்பிட்டு முடித்த பிள்ளை நக்கி வைத்த கோப்பை போல மினுங்கியது. அவன் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான். சுவர் இளஞ்சூடாக இருந்தது.

கொழுப்பெல்லாம் எங்கே போகிறது?

அவன் நிமிர்ந்தபோது சமையற்காரர் பக்கீர் முகைதீன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாளி நிறையக் கறுத்த எண்ணெய், மேலே மாட்டுக் கொழுப்புத் துண்டுகள். அவர் அவனைக் கவனிக்கவே இல்லை. குழாய் வாயருகே குந்திக்கொண்டு, தொண்டையைச் செருமி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார். காது கொடுத்துக் கேட்டார். மறுபடியும் சொன்னார். மூன்றாம் தரமும் சொல்லிக் கொஞ்ச நேரம் பொறுத்தார். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லி வாளியைக் கவிழ்த்தார்.

"என்ன ஹாஜியார், கானுக்கும் ஸலாமா?" என்றான் முர்ஷித், பின்வாசலில் வந்து நின்ற முதலாளியைப் பார்த்து.

பதியுதீன் ஹாஜியாருக்குப் பெரிய வயிறு, அதைவிடப் பெரிய வாய். வழக்கமாக அவர் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். அன்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு வீட்டுக்குச் சாமான் கொண்டு போனா வாசல்ல நிண்டு ஸலாம் சொல்லமாட்டீங்களா சேர்? எங்கட வாப்பா கடை துறந்த நாளையில இரிந்து இப்பிடித்தான். மூணு தரம் சொல்ற. பதில் வரப்படா. பதில் வந்தா நம்மள உள்ள கூப்பிட்ட மாதிரி."

"அங்கால இரிந்து ஸலாம் வந்தா?"

"வராது. அதுக்குத்தானே வகுத்துப் பசிக்குக் குடுக்கிற." அவர் கானைப் பார்த்தார். "வந்தா பதில் சொல்லிப்போடாதீங்க. அதுவும் மூணு தரம் சொல்லிப் பாக்கும். ஆரும் பதில் சொல்லாட்டித் திரும்பிப் போயிரும். வீட்டுக்குப் போற ஆளுக்கு உள்ள ஒழுங்குதானே சேர், நம்மளுக்கு ஓதித் தந்தது. பதில் சொன்னா மறுகா அது உள்ள வரும். இந்தத் தொட்டிக் கதைய நோன்பு முடியுமட்டும் உட்டுருங்களன்."

முர்ஷித் அந்த வருடம் கேட்ட சாட்டுகளிலேயே இதற்குத்தான் முதலிடம். சிரித்துக்கொண்டே பைக்கை எடுத்தான்.

அன்று நோன்பு துறந்த பிறகு நஸ்லியாவிடம் இதைச் சொன்னபோது அவள் கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்க்கத்தான் அவன் பாதிக் கதையை வீட்டுக்குக் கொண்டு வருவான். கலியாணம் முடித்து இரண்டு வருடம். அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து ஏறுவார். பாலமுனையிலிருந்து வந்து ஏறிய முர்ஷிதுக்கு அந்த வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் மாமியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அயலில் எல்லாருக்கும் அது நஸ்லியாட வீடுதான். மாமி பொத்துவிலில் மூத்த மகளோடு நோன்பைக் கழிக்கப் போயிருந்ததால் இப்போது வீட்டில் அவர்கள் இரண்டு பேர் மட்டும். தோணாவுக்குப் பக்கத்தில், டவுனிலிருந்து வருகிற கான் கடைசியாகத் தொட்டுப் போகிற வீடு அது.

"அந்தாள் ஸலாம் சொல்லி நீங்க பதில் சொல்லாட்டி பாவமில்லையா?" என்றாள் நஸ்லியா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பாவம், பசியில இரிக்கும். ஊத்தக்கான் மாப்பிள்ளைக்கு எப்பிடி எல்லாம் கூட்டாளிமார்!"

இரண்டு நாள் கழித்துச் சபையின் ஆட்கள் போய் ஹாஜியாரின் குழாயைச் சீமெந்தால் அடைத்தார்கள். முர்ஷித் பக்கத்தில் நின்று பார்த்தான். ஹாஜியார் சத்தம் போடுவார், தெரிந்த ஆட்களுக்குக் கோல் எடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தான். அவர் பின்முற்றத்துக்கே வரவில்லை. பக்கீர் முகைதீன் மட்டும் அகப்பையைக் கையில் பிடித்தபடி பின்வாசலில் நின்று, சீமெந்து பூசுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே கிழமையில் மற்றக் கடைகளும் பயந்து தொட்டி கட்டத் தொடங்கின. கானுக்குள் எண்ணெய் போவது நின்றது. முர்ஷிதுக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அதற்குப் பிறகு சின்னச் சின்னதாகத் தொடங்கியது.

மற்றக் கடைகளின் பின்னால் வருடக்கணக்காகப் படிந்திருந்த கொழுப்பு, சுரண்ட ஆள் போகுமுன்பே காணாமல் போயிருந்தது. மூடியைக் கிளப்பினால் அதே வழுவழுப்பு, அதே இளஞ்சூடு. சபையில் எல்லாரும் அவன் தோளில் தட்டினார்கள். ஹோட்டல்களின் பின்னால் எந்நேரமும் படுத்துக் கிடக்கிற பூனைகளை அவன் பிறகு காணவில்லை. அந்தச் சுத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகத் தோணாப் பக்கம் இறங்கி வந்தது. அதை அவன் கவனித்தான், ஒருவரிடமும் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? கான் சுத்தமாகிறது என்று முறைப்பாடா கொடுப்பது?

ஒரு காலை நஸ்லியா பாத்ரூமிலிருந்து சவர்க்காரத்தைக் கொண்டு வந்து காட்டினாள். முதல்நாள் பிரித்த கட்டி. காகிதம் போல மெலிந்து, நடுவில் குழி விழுந்து, ஓரங்கள் வழவழவென்றிருந்தன.

"என்ன மச்சான், சவக்காரத்தத் திண்டீங்களா?"

அவன் சிரிக்க முயன்றான். சவர்க்காரத்தைக் கொழுப்பிலிருந்துதான் செய்கிறார்கள் என்பது அந்தத் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியாததா? அடுத்த நாள் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நிலத்தில் உருண்டு, துடைத்து வைத்தது போல வெறுமையாய்க் கிடந்தது. அதன் வாய் பாத்ரூம் குழாய்த் துவாரத்தின் பக்கம் திரும்பியிருந்தது. அன்று சுபஹு தொழுதுவிட்டுப் படுத்தவனுக்கு, சுவருக்கு அப்பால் அந்தத் துவாரத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் இறங்குகிற சத்தமல்ல. இளநீரின் அடியை ஸ்ட்ரோ போட்டு உறிஞ்சும்போது வருகிற சத்தம். உறிஞ்சும். நிற்கும். பிறகு மறுபடி உறிஞ்சும். பக்கத்தில் நஸ்லியா வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய காலை, கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்த அந்தக் காலை, அவன் மெதுவாகத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தான். எழுந்து போய்த் துவாரத்தை ஒரு துணியால் அடைத்து, மேலே தண்ணீர் நிரப்பிய வாளியை வைத்தான். தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டான். நோன்பு மாதத்தில் சைத்தான்களைச் சங்கிலியால் கட்டிப்போட்டிருக்கும் என்று சின்ன வயதில் ஓதியது ஞாபகம் வந்தது. அது ஆறுதலாக இருந்தது.

பிறகுதான் மற்ற யோசனை வந்தது. அப்படியென்றால் இது சைத்தானில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் ஹாஜியார் போன் எடுத்தார். பெரிய வாய் சுருங்கிப் போயிருந்தது.

"சேர், உங்கட சீமெந்து வேர்க்குது. ஒருக்கா வந்து பாருங்க."

நஸ்லியா சமோசாவுக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள். பாங்குக்கு முன் வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டு அவன் கிளம்பினான். டவுனில் சனம் கலைந்துகொண்டிருந்தது. நோன்பு துறக்கிற நேரத்துக்கு முன்னால் அந்த வீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கஞ்சி வாங்குகிற கூட்டமும் ஹோர்ன் சத்தமுமாய் இரைந்து கிடக்கிற இடம், பாங்கு நெருங்க நெருங்க வடிந்து, கடைசியில் ஒரு குஞ்சு குருமானும் இல்லாமல் ஆகிவிடும். அவன் ஹோட்டலின் பின்முற்றத்துக்குப் போனபோது அடுப்புகள் அணைந்திருந்தன. பொரித்த எண்ணெயின் மணம் மட்டும் மதிலுக்குள் தேங்கி நின்றது. உள்ளே ஆட்கள் நோன்பு துறக்க அமர்ந்துவிட்டார்கள் போலும். ஹாஜியாரின் குரல் எங்கோ துஆ ஓதுவது கேட்டது.

சீமெந்து உண்மையிலேயே வியர்த்திருந்தது. அடைப்பின் மேல் மஞ்சள் துளிகள் திரண்டு, ஒன்றோடொன்று சேர்ந்து, கீழ்நோக்கி வழியாமல், மெல்ல மெல்ல உள்நோக்கி இழுபட்டன. அவன் குந்திக்கொண்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு. கையை எடுத்தபோது தோல் வறண்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவியது போல வெளுத்திருந்தது.

பாங்கு கேட்டது. ஒரு பள்ளியில் தொடங்கி, அடுத்த பள்ளி, அதற்கடுத்தது. அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டான். பாங்கு முடிந்ததும் வருகிற அந்த அமைதி வந்தது. ஊர் முழுக்க வாய்க்குள் எதையாவது வைத்திருக்கிற அமைதி.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பக்கீர் முகைதீனின் குரல். கஞ்சி கொண்டு வருகிறார் போல என்று நினைத்தான். வாய் நிறையப் பழம். பதில் சொல்ல முடியவில்லை; தலையை மட்டும் ஆட்டினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

பெரிய மனுசன் இரண்டு தரம் சொல்லிவிட்டார். என்ன நினைப்பார்? அவன் அவசர அவசரமாக மென்றான். கொட்டையைத் துப்பினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்," என்றான், பழம் தொண்டையில் கரகரக்க. தாமதித்ததற்கு ஈடாக, வீட்டுக்கு வந்தவரிடம் சொல்கிறது போல, "வாங்க, வாங்க" என்றும் சேர்த்துக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தான். பின்வாசலில் யாருமில்லை.

முற்றத்திலும் இல்லை. அவன் முன்னால் அந்தச் சீமெந்து மட்டும். அதில் இருந்த ஈரம் முழுவதும் ஒரே மூச்சில் உள்ளே போனது. சீமெந்து காய்ந்து, வெள்ளையாகி, நடுவில் ஒரு கோடு வெடித்தது. காலுக்குக் கீழே கொங்கிறீட் மூடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இலேசாக அதிர்ந்தன. அதிர்வு நகர்ந்தது. தோணாப் பக்கமாக.

கஞ்சிக் கோப்பையோடு ஓடி வந்தவர் ஹாஜியார்தான். அவருக்குப் பின்னால் பக்கீர் முகைதீன், வாயில் இன்னும் கஞ்சி. உள்ளேயிருந்துதான் வருகிறார்.

"ஆருக்குச் சேர் பதில் சொன்னீங்க?"

முர்ஷித் சீமெந்தைக் காட்டினான்.

"'வாங்க' எண்டும் சொன்னீங்களா? நான் கேட்டன். வாங்க எண்டீங்க." ஹாஜியார் கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அல்லாஹ்வே! அது நம்மட கடைக்கு வரல்ல. கூப்பிட்டது நீங்க. உங்கட வீடு எங்க சேர்?"

"தோணாவடி."

"கானும் அங்கதானே போகுது," என்றார் பக்கீர் முகைதீன். அன்று அவர் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

"ஆனா வீடு பொஞ்சாதிட," என்றான் முர்ஷித். அவனுக்கே தன் குரல் பிள்ளையின் குரல் போலக் கேட்டது. "என்ட வீடில்ல ஹாஜியார். அது அவட வீடு."

ஹாஜியார் ஒரு கணம் யோசித்தார். "அப்ப அவவும் பதில் சொல்லணும். வீட்டுக்காரி சொன்னாத்தான். ஓம், அப்பிடித்தான் இரிக்கணும். ஓடுங்க. சொல்ல வேணாம் எண்டு சொல்லுங்க!"

அவன் நஸ்லியாவுக்குக் கோல் எடுத்து, போனை ஹெல்மெட்டுக்குள் காதோடு செருகிக்கொண்டு பைக்கை உதைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மஃரிப் தொழுகையில் நிற்பாள். எடுக்கமாட்டாள். வெறிச்சோடிய வீதியில் கடைகளின் ஷட்டர்கள் இரண்டு பக்கமும் மூடிக் கிடந்தன. இருட்டு இன்னும் முழுதாக விழவில்லை; வானம் கடல் பக்கம் சாம்பலாகி, மேற்கே வயல் பக்கம் மட்டும் கொஞ்சம் சிவந்திருந்தது. வீதியோரமாகக் கான் அவனோடு கூடவே ஓடியது. மூடிகள் அசைந்தன. அவனுக்கு முன்னால், எப்போதும் கொஞ்சம் முன்னால், ஒரு மூடி எழும்பி உட்காருகிற சத்தம். டக். டக். டக். மாட்டுக் கொழுப்பை உருக்கும்போது வருகிற மணம் ஹெல்மெட்டுக்குள்ளும் வந்தது. அவன் வேகத்தைக் கூட்டினான். சத்தமும் கூடியது.

பள்ளிவாசலின் முன்னால் செருப்புகள் மட்டும் வரிசையாய்க் கிடந்தன. கூப்பிட்டால் யார் வருவார்? முதல் ரக்கஅத்தில் நிற்கிறார்கள். அவனும் தொழுதிருக்க வேண்டிய நேரம். நஸ்லியா. நஸ்லியா. எடு.

எடுத்தாள்.

"மச்சான், ஏன் வாசல்ல நிண்டுக்கிட்டு போன் எடுக்கிறீங்க?"

"நான் வாசல்ல இல்ல."

"சும்மா கதைக்காதீங்க. ஸலாம் சொன்னீங்கதானே. ரெண்டு தரம் சொன்னீங்க. நான் தொழுகையில நிண்டன், அதான் பதில் சொல்லல்ல. இரிங்க, கதவத் துறக்கிறன்."

"துறக்காத! நஸ்லியா, நான் சொல்றதக் கேளு. வாயத் துறக்காத. அது நானில்ல. மூணாந்தரம் சொல்லும், நீ பதில் சொல்லாத. வீடு உன்ட. நீ சொல்லாட்டி அது போயிரும். விளங்குதா? கையால வாயப் பொத்திக்க."

அவள் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவளுடைய போன் வழியாக, தூரத்தில், கதவுக்கு அப்பாலிருந்து அது கேட்டது. அவனுடைய குரல். கொஞ்சம் கரகரத்து. ஈரமாக.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

அவள் மூச்சு இழுபடுவது கேட்டது. விரல்களுக்கிடையால். அவ்வளவுதான். ஒரு சொல்லும் வரவில்லை. நல்ல பிள்ளை. என் தங்கம். வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவன் பைக்கை ஓட்டிக்கொண்டே அழுதான்.

ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை.

"போயிட்டு," என்று கிசுகிசுத்தாள் நஸ்லியா. "ஜன்னலால பாத்தன். வாசல்ல ஒருத்தரும் இல்ல மச்சான்."

"அல்ஹம்துலில்லாஹ். அல்ஹம்துலில்லாஹ். இந்தா வந்துட்டன். பாலத்தடியில நிக்கிறன்."

"எனக்குப் பயமா இரிக்கி. சுறுக்கா வாங்க."

"வந்துட்டன். போன வைக்காத."

"மச்சான்." அவளுடைய குரல் மாறியது. "பாத்ரூமுக்குள்ள நீங்க வச்ச வாளி விழுந்துட்டு."

பிறகு அவள் பேசவில்லை. போன் வெட்டுப்படவும் இல்லை. ஏதோ கனமான ஒன்றை மேலே போர்த்தியது போல அந்தப் பக்கத்துச் சத்தங்கள் எல்லாம் மழுங்கிப் போயின. காற்றாடியின் சத்தம் மழுங்கியது. அவளுடைய மூச்சு மட்டும் கிட்டத்தில், மிகக் கிட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

அவன் ஒழுங்கைக்குள் திரும்பினான். வீட்டின் முன்னால் இருந்த கான்மூடி இடம்பெயர்ந்து, அந்தரத்தில் ஒரு பக்கம் தூக்கி நின்றது. பைக்கை அப்படியே போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. ஓடினான். கேட். முற்றம். படி. ஹாலில் லைட் எரிந்தது. கதவு பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் தட்டினான்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் அந்தக் கதவின் முன் நின்று சொல்கிறதை வாய் தானாகச் சொன்னது.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அவள் பதில் சொல்லமாட்டாள். சொல்ல வேண்டாம் என்றது அவன்தானே.

உள்ளே ஹாலிலிருந்து பதில் வந்தது.

"வஅலைக்குமுஸ்ஸலாம். வாங்க, வாங்க."

அவனுடைய குரல். வந்த ஆளை வீட்டுக்காரன் உள்ளே கூப்பிடுகிற குரல். இத்தனை காலத்தில் அந்த வீட்டுக்கு அவனைச் சொந்தக்காரனாக எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். ஹோட்டலின் பின்முற்றத்தில் அவன் சொன்ன ஒரு வார்த்தையே அதற்குப் போதுமாயிருந்திருக்கிறது. அவளுடைய பதில் அதற்குத் தேவைப்படவே இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. கதவு அவனை நோக்கித் திறந்தது.

ஹால் வெள்ளையாக இருந்தது. சுவரிலிருந்து சுவர் வரை. முழங்கால் உயரத்துக்கு. ஆறி, கட்டிபட்டு, மட்டம் பார்த்து ஊற்றியது போல. கதிரைகளின் முதுகுகள் மட்டும் மேலே தெரிந்தன. வாசற்படியில் அது வழியாமல், நேராக, அறுத்து வைத்த மாதிரி நின்றது. ஓரங்களில் இன்னும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டிருந்தது. யாருமில்லை. கதவைத் திறந்த ஆள் இல்லை.

நடுவில், கொழுப்பின் அடியில், ஒரு சிறிய வெளிச்சம். போன். அதன் முகப்பில் அவனுடைய பெயர். அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தைச் சுற்றி ஐந்து விரல்கள்.

ஹெல்மெட்டுக்குள், அவன் காதுக்குள், நஸ்லியா மெதுவாகக் கேட்டாள்.

"மச்சான், நான் பதில் சொல்லல்லதானே?"

விரல்கள் போனை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தன.